கொல்லூருக்குப் போனவன் கர்ணனிடம் மாட்டிக்கொண்ட கதை

முதல் நாள்: மங்களூர், உடுப்பி

நேற்று ராத்திரி கோவையில் வெஸ்ட் கோஸ்ட் எக்ஸ்பிரஸ் ஏறிப் படுத்தவன், காசரகோடு தாண்டிய பிறகுதான் கண் விழித்தேன். மங்களூர் சென்ட்ரலில் இறங்கி, முகம் கழுவி, ஸ்டேட் பாங்க் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். எஸ்.பி.ஐ.யை நம்மூரில் யாரும் பஸ் ஸ்டாண்டு பெயராக வைக்கவில்லை என்று நினைக்கிறேன். இங்கே எல்லோருக்கும் அது 'ஸ்டேட் பாங்க்'தான்.

உடுப்பிக்குத் தனியார் பஸ். கரையோரக் கர்நாடகத்தின் தனியார் பஸ்களைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு போடலாம். கண்டக்டர் வாயில் விசில், ஒரு கால் படியில், இன்னொரு கால் காற்றில். 'ரைட் போயி' என்று துளுவில் ஒரு சத்தம் போட்டால் பஸ் பாய்கிறது. சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தையும் கம்பியை விடாமல் கடந்தேன்.

உடுப்பியில் கிருஷ்ணனை ஒன்பது துளை போட்ட வெள்ளி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்குக் கிடைத்தது நாலு செகண்டு. பின்னால் நின்ற பாட்டி என் விலாவில் முழங்கையை வைத்து இடத்தைப் பிடித்துக்கொண்டார். மேற்கே பார்த்து நிற்கும் கிருஷ்ணன், கோயிலுக்கு வெளியே நின்ற பக்தர் கனகதாசருக்காகத் திரும்பியவன் என்பது ஊர்க்கதை. வெளியே 'கனகன கிண்டி' என்ற அவர் பெயர் கொண்ட ஜன்னல் முன்னால் நின்றபோது அந்தக் கதையை நம்பத்தான் தோன்றியது.

மத்தியானம் நீர் தோசை. ராத்திரியும் நீர் தோசை. மற்றபடி எழுத ஒன்றுமில்லை. நாளைக்குக் குந்தாபுரத்தில் அறை போட்டு மூட்டையை வைத்துவிட்டுக் கொல்லூர் போகணும். நாளன்றைக்கு விடியற்காலையில் மரவந்தே: ரோட்டுக்கு இந்தப் பக்கம் அரபிக்கடல், அந்தப் பக்கம் சௌபர்ணிகா ஆறு. சூரிய உதயம் அங்கேதான். அலாரம் நாலே முக்காலுக்கு.

இரண்டாம் நாள்: கொல்லூர், பிறகு ஒரு வயல்

(இதை எழுதுவது மூன்றாம் நாள் மத்தியானம். ஏன் என்று படித்தால் தெரியும். மரவந்தே போகவில்லை.)

கொல்லூர் மூகாம்பிகை கோயிலில் கன்னடத்தைவிடத் தமிழும் மலையாளமும்தான் அதிகமாகக் காதில் விழுந்தது. எம்.ஜி.ஆர். அம்மனுக்குக் கொடுத்த தங்க வாளைப் பற்றி எனக்கு முன்னால் நின்றவர் தன் பேரனுக்கு, ஏதோ தானே கொடுத்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். யேசுதாஸ் பிறந்தநாளுக்கு, ஜனவரி 10 அன்று, வருஷா வருஷம் வந்து பாடிய இடமும் இதுதான். பாட்டுப் பைத்தியமான எனக்கு அந்த சரஸ்வதி மண்டபத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை.

உட்கார்ந்தேன். பாலக்காட்டுப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி அரங்கேற்றம் பாடிக்கொண்டிருந்தாள். பத்து வயசிருக்கும். தூணோரம் இருந்த அவள் அம்மா புடவைத் தலைப்புக்குள் கையை மறைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், மகள் தாளத்துக்கு அரை விரல் முன்னால். பாட்டைவிட அந்த விரல்களைத்தான் நான் கவனித்தேன். போதும், வந்த காரியம் முடிந்தது என்று சாயங்காலம் குந்தாபுரம் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் கூட்டமில்லை. கண்டக்டர் கணக்கு முடித்து என் முன் சீட்டில் உட்கார்ந்து போனில் ஒரு பாட்டைப் போட்டார். சினிமாப் பாட்டு இல்லை. ஆண் குரல். மேலே ஏறி, ஏறிய இடத்திலேயே நின்று, அங்கிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கியது. பின்னால் செண்டை. யார் என்று கேட்டதும் அவர் திரும்பிப் பார்த்த பார்வையில், இளையராஜா யார் என்று நான் கேட்டுவிட்டது போல ஒரு வருத்தம்.

"காளிங்க நாவுட சார். யட்சகான பாகவதர்."

யட்சகானம் இந்தக் கரையோரத்துக் கூத்து, அதைப் பாடி நடத்துகிறவர் பாகவதர். கண்டக்டர் பேசியது சுத்தமான சென்னைத் தமிழ். சைதாப்பேட்டையில் மாமா வைத்திருந்த ஓட்டலில் நாலு வருஷம் சப்ளையராக இருந்தாராம். குந்தாபுரத்துப் பக்கம் பாதிப் பேருக்கு அப்படி ஒரு மாமா உண்டு. காளிங்க நாவுட 1958-ல் பிறந்து 1990-ல் சாலை விபத்தில் போய்விட்டவர். யட்சகானப் பாட்டில் புது ராகங்களைக் கொண்டுவந்து, அந்த வயசுக்குள்ளேயே ஒரு தலைமுறையைக் கட்டிப்போட்டவர். "நான் பொறந்ததே 93 சார். நேர்ல பாத்ததில்ல. கேசட்ல கேட்டே வளந்தேன்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கு எங்க ஊர்ல ஆட்டம். இப்ப இருக்கிறவங்கள்ல எனக்கு உசுரு ஒருத்தர்தான், அவரு பாடறாரு. வர்றீங்களா?"

குந்தாபுரத்தில் அறைக்கு வாடகை கொடுத்தாகிவிட்டது. நாலே முக்காலுக்கு அலாரம். முன்பின் தெரியாத ஆள். இல்லை சார் என்று சொல்ல வாயெடுத்தவன், "எத்தனை மணிக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

வண்ட்ஸேயில் அவருக்கு டியூட்டி முடிந்தது. அங்கிருந்து பைக்கில் பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே போனோம். நடுவில் ஒரு தடவை வழி தவறியது. சொந்த ஊருக்கே வழி தவறுகிறவரை நம்பி வந்துவிட்டோமே என்று ஒரு நிமிஷம் வயிறு கலங்கியது. அப்புறம் செண்டைச் சத்தம் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம்.

அறுத்த நெல்வயல். ஒரு மூலையில் மேடை, அதற்கு ரங்கஸ்தலம் என்று பெயர். எதிரே தார்ப்பாய், பிளாஸ்டிக் நாற்காலி, வீட்டிலிருந்து கொண்டுவந்த பாய். பயல் என்றால் வெட்டவெளி. பயலாட்டம் என்ற பெயரே அப்படி வந்ததுதான். டிக்கெட் கிடையாது. ஒரு குடும்பம் வேண்டுதலுக்காக நடத்தும் 'ஹரக்கெ ஆட்டம்' இது. பெரிய கோயில் மேளங்களுக்கு, அதாவது ஆட்டக் குழுக்களுக்கு, இந்த மாதிரி நேர்ச்சை வருஷக்கணக்கில் முன்பதிவாகிக் கிடக்குமாம். மகனுக்குக் கல்யாணம் ஆகணும் என்று வேண்டிக்கொண்டவர், பேரன் பிறந்த பிறகு ஆட்டம் நடத்துவதும் உண்டு என்று கண்டக்டர் சிரித்தார். வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. சோறு, சாறு, பாயசம். என்னை யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்பதை மட்டும் மூன்று மொழியில் சொன்னார்கள்.

சாப்பிட்டதும் சௌக்கிக்கு, அதாவது வேஷம் கட்டும் கொட்டகைக்கு, கூட்டிக்கொண்டு போனார். உள்ளே பிள்ளையாருக்கு விளக்கு. சுற்றிலும் வரிசையாகத் தகரப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு ஆள், கையகலக் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தைத் தானே எழுதிக்கொண்டு. தேங்காயெண்ணெய் வாசனை. பாதி முகம் தேவேந்திரனும் பாதி முகம் சாதா மனிதனுமாக ஒருவர் பீடி கேட்டார். என்னிடம் இல்லை.

முதலில் கோமாளிப் பிள்ளைகள், பாலகோபாலர், பெண் வேஷங்கள் என்று பூர்வரங்கம். அதற்குப் பாடியவர் இளையவர். நன்றாகவே பாடினார். நான் தலையாட்டினேன். கண்டக்டர் என் தொடையைத் தட்டி, "இரு சார், இது சங்கீதகாரர். நம்மாளு ஒரு மணிக்குத்தான்" என்றார்.

இப்போதெல்லாம் பல மேளங்கள் 'காலமிதி' என்று நள்ளிரவோடு முடித்துக்கொள்கின்றன. ஒலிபெருக்கி விதி ஒரு காரணம். மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் உட்கார மாட்டேன் என்பது இன்னொன்று. இந்த வீட்டுக்காரர் விடிய விடிய வேண்டும் என்று கேட்டிருந்தார். என் அதிர்ஷ்டம்.

ஒரு மணிக்கு மேல் அவர் வந்தார். ஒல்லியான மனிதர். வெள்ளை வேட்டி, சிவப்புத் தலைப்பாகை, மூக்குக் கண்ணாடி. தபால் ஆபீஸில் பார்த்தால் மணியார்டர் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருப்பேன். மேடையின் பின்பக்கம் நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் மத்தளம். மடியில் ஒரு பழைய நோட்டு வைத்தார், அதைக் கடைசி வரை திறக்கவே இல்லை. கைத்தாளத்தின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். இரண்டு தடவை இருமினார். கூட்டத்தில் பாயில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்காரும் சரசரப்பு கேட்டது. இன்னும் பாடவே இல்லை அவர்.

பிரசங்கம், அதாவது கதை, கர்ணார்ஜுன காளகம். கர்ணனும் அர்ஜுனனும் மோதும் பதினேழாம் நாள்.

அவர் எடுத்த முதல் பத்யத்தை, அதாவது பாட்டை, எப்படிச் சொல்வது? நம்மூர்க் கணக்கில் நாலரைக் கட்டைக்குக் குறையாத சுருதி. குரல் இனிமை என்று சொல்ல முடியாது. ஓரத்தில் ஒரு கரகரப்பு இருந்தது, பச்சைப் பனையோலையைக் கிழிக்கிற மாதிரி. ஆனால் அந்தக் கரகரப்பு கர்ணனுக்கு வேண்டியிருந்தது. எனக்குக் கன்னடம் தெரியாது. 'கர்ணா' என்ற சொல்லையும் 'தாயி' என்ற சொல்லையும் மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குந்திக்குக் கொடுத்த வாக்கு என்று கண்டக்டர் காதில் ஓதுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு பத்யம் அவர் பாடுவார். அதற்குக் கர்ணன் ஆடுவான். ஆடி முடித்ததும் அதே பொருளைத் தன் சொந்தப் பேச்சில் விரிப்பான். பேச்சுக்கு எழுத்துப் பிரதி கிடையாது, அந்தந்த ராத்திரிக்கு அந்தந்தப் பேச்சு. அம்பை மறுபடி குறி மாற்றித் தொடு என்கிறான் தேர் ஓட்டும் சல்லியன். ஒரு முறை தொடுத்ததை மறுமுறை தொடுக்கமாட்டேன் என்கிறான் கர்ணன். வாதம் நீண்டுகொண்டே போனது. கூட்டம் ஒரு பக்கம் சல்லியனுக்குக் கைதட்டியது, இன்னொரு பக்கம் கர்ணனுக்கு. ஒரு கட்டத்தில் கர்ணன் சுவாரசியத்தில் எல்லை தாண்டிவிட்டான் போல. பாகவதர் தாளத்தை மெல்ல, ஒரே ஒரு தடவை, தட்டினார். கிண். அவ்வளவுதான். கர்ணன் நாலே வாக்கியத்தில் முடித்துவிட்டுத் தள்ளி நின்றான். பாகவதரை யட்சகானத்தில் முதல் வேஷக்காரர் என்று சொல்வார்கள். வேஷமே கட்டாத ஆளுக்கு ஏன் அந்தப் பெயர் என்று எனக்கு அந்த 'கிண்'ணில் புரிந்தது.

நான் போன கச்சேரிகளிலெல்லாம் பாடகர் நடுவில் இருப்பார், எல்லாக் கண்ணும் அவர் மேல். இங்கே அவர் ராத்திரி பூரா முதுகுகளைப் பார்த்துப் பாடுகிறார். அவர் கண்ணுக்கு எதிரே ஜரிகையும் முடிச்சும் வியர்வையும்தான்.

தேர்ச்சக்கரம் புதைந்தபோது மணி நாலரை இருக்கும். பனி இறங்கிச் சட்டை தோள்பட்டையில் ஈரமாகிவிட்டது. பக்கத்துப் பாயில் ஒரு குழந்தை எழுந்து, கீழே விழுந்து கிடந்த கர்ணனைப் பார்த்து, அம்மாவிடம் ஏதோ கேட்டது. அம்மா பதில் சொல்லவில்லை. கண்டக்டர் ஒவ்வொரு பத்யத்துக்கும் உதடசைத்துக்கொண்டே வந்தவர், இந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டார்.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. நாலே முக்கால் அலாரம். மரவந்தே.

மூன்றாம் நாள்: சௌக்கியில் ஒரு கோப்பை வெந்நீர்

மங்களம் பாடி முடிந்ததும் கூட்டம் கலைந்தது. நான் கிளம்பத் தயாராக நின்றேன். கண்டக்டர், "வா சார், ஒரு நமஸ்காரம் பண்ணிட்டுப் போலாம்" என்று மறுபடி சௌக்கிக்கு இழுத்தார்.

ராஜாக்கள் எல்லாம் எண்ணெய் தடவி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கர்ணன் லுங்கியில் இருந்தான். பாகவதர் ஒரு தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து தலைப்பாகையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார். தலைப்பாகை இல்லாமல் இன்னும் சின்னவராகத் தெரிந்தார். ஆள்காட்டி விரலில் தாளக்கயிறு சுற்றிய இடம் வெள்ளையாக, தழும்பு போல, பள்ளமாகப் பதிந்திருந்தது. ஒரு ராத்திரியில் விழுகிற பள்ளம் இல்லை அது.

பஸ்ஸிலிருந்து விடாமல் பேசிக்கொண்டு வந்த கண்டக்டர் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். நாலு வருஷமாக இவர் பாடும் ஆட்டமெல்லாம் போகிறவராம், கிட்டே போய்ப் பேசியதே இல்லையாம். இதைப் பிறகுதான் சொன்னார். என்னைச் சாக்காக வைத்துத்தான் உள்ளே வந்திருக்கிறார் மனுஷன்.

நான்தான் பேச வேண்டியதாகிவிட்டது. தமிழ்நாடு என்றேன். அவர் முகம் மலர்ந்தது. உடைந்த தமிழும் கன்னடமுமாகப் பேசினார். விட்ட இடத்தைக் கண்டக்டர் மெல்லிய குரலில் நிரப்பினார்.

ராத்திரி பூரா முதுகையே பார்த்துக்கொண்டு எப்படிப் பாடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் தன் குதிகாலைத் தொட்டுக் காட்டினார்.

"முகத்த நீங்க பாருங்க. நான் இத பாக்கிறேன். குதி தரையில பட்டுப் பட்டு எழும்பினா, ஆளுக்கு இன்னும் தெம்பு இருக்கு, இன்னொரு பத்யம் குடுக்கலாம். குதி இழுத்தா, ரெண்டு பத்யத்த விட்டுட்டு மேல போயிடுவேன். அவன் களைச்சத ஜனம் பாக்கக் கூடாது இல்லையா?"

இன்று கர்ணனுக்கு எத்தனை பத்யம் விட்டீர்கள் என்றேன். லுங்கியிலிருந்த கர்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது அவனுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

ஐப்பசி கார்த்திகையில் தொடங்கினால் மே மாதக் கடைசியில் பத்தனாஜெ என்ற நாள் வரை, அநேகமாகத் தினம் ஒரு ஊர். பத்தனாஜெ அன்று சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டால் மழைக்காலம் முழுக்க வீட்டில் பாக்குத் தோட்டம். மேளத்தின் இளசுகள் சிலர் மழையிலும் சிக்கமேளம் என்று சின்னக் குழுவாக வீடு வீடாகப் போய் ஆடுவார்கள், தனக்கு இனி முடியாது என்றார். உங்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க. பேரு வேண்டாம். மேளத்துல நாப்பது பேர் இருக்கோம், ஒருத்தன் பேரு மட்டும் போட்டா நாளைக்கு எனக்கு மத்தளம் சரியா விழாது" என்று சிரித்தார். அதனால்தான் பெயர் இல்லை.

அதற்கப்புறம்தான் சிக்கல். அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"உங்க ஊர்லயும் பயலாட்டம் இருக்கில்ல? தெருக்கூத்து. அதுல கர்ணன் எப்படி வருவான்? திரை பிடிப்பாங்களா?"

என் அப்பா செய்யாறு பக்கத்துக்காரர். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்துக் கூத்து நடக்கும் ஊர். கர்ண மோட்சம் என்றால் ஊரே உட்கார்ந்திருக்கும் என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். நான் ஒரு தடவை, எட்டு வயசில், பாதியில் தூங்கிப்போனேன். அவ்வளவுதான் எனக்கும் கூத்துக்கும் உள்ள சொந்தம்.

"பிடிப்பாங்க. பாத்திருக்கேன், நிறைய தடவ" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. அந்த விரல் தழும்பைப் பார்த்துக்கொண்டு 'பார்த்ததில்லை' என்று சொல்ல நா எழவில்லை.

பொய் ஒன்று சொன்னால் இன்னொன்று வேண்டும். அப்பா சொன்னதிலிருந்து நினைவிருந்ததை எடுத்துவிட்டேன்: யுத்தத்துக்குப் போகும் முன் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறுவான், அவள் அவன் குலத்தைச் சொல்லி இகழ்வாள், அதுதான் பெரிய கட்டம். பாகவதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பொன்னுருவி யாரு?"

"கர்ணன் பொண்டாட்டி."

"பொண்டாட்டியே குலம் கேக்கறாளா?" கண்ணாடியைக் கழற்றினார். லுங்கிக் கர்ணனைக் கூப்பிட்டு அவருக்கும் சொன்னார். இருவரும் கன்னடத்தில் வேகமாக ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, மாணவன் வாத்தியாரைக் கேட்கிற மாதிரி கேட்டார்: "அந்த இடத்துல பாட்டு எப்படி? ஒரு வரி பாடிக் காட்டுங்க."

எனக்கு வியர்த்துவிட்டது. பனியில் தொண்டை கட்டிக்கொண்டது என்றேன்.

அவர் உடனே பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்கை எடுத்தார். மிளகும் வெல்லமும் தட்டிப் போட்ட வெந்நீர், அவர் தொண்டைக்காக வீட்டில் கொடுத்துவிட்டது. மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினார். "மெதுவா குடிங்க. சூடா இருக்கும்." ராத்திரி பூரா பாடியவர், பாடவே தெரியாதவன் தொண்டைக்கு ஊற்றிக் கொடுத்தார். நானும் குடித்தேன். காரமாக இறங்கியது. குடித்தும் தொண்டை திறக்கவில்லை என்று கையால் சைகை காட்டினேன். அவர் புரிந்துகொண்ட மாதிரி தலையசைத்தார். எதைப் புரிந்துகொண்டாரோ.

"ஊருக்குப் போய் அனுப்புங்க. இவன்கிட்ட நம்பர் இருக்கும்" என்று கண்டக்டரைக் காட்டினார். இருக்கவில்லை. அப்போதுதான், என் புண்ணியத்தில், அவர் நம்பர் கண்டக்டருக்குக் கிடைத்தது. போனில் பதிந்துகொண்டபோது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

காலை டியூட்டிக்கு அவர் நேரே பஸ்ஸுக்குப் போய்விட்டார், தூங்காமலே. நான் அறைக்கு வந்து பதினோரு மணி வரை தூங்கினேன்.

நாலாம் நாள்: திரும்பும் ரயில்

காலையில் உடுப்பி போகும் வழியில் கோட்டாவைத் தாண்டும்போது எட்டிப் பார்த்துக்கொண்டேன். யட்சகானத்தை ஊர் ஊராகத் தேடி ஆராய்ந்து எழுதிய சிவராம காரந்தர் பிறந்த ஊர். இறங்க நேரமில்லை.

ராத்திரி பதிவு செய்ததை ரயிலில் போட்டுக் கேட்டேன். 11 நிமிஷம். அதில் நாலு நிமிஷம் என் தொடைமேல் போன் உரசும் சத்தம், ஒரு குழந்தை கடலை கேட்டு அழும் சத்தம். அந்த 'கிண்' மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது.

கண்ணூர் தாண்டியதும் கண்டக்டரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் விசிலும் பஸ்ஸும். "சார், பாகவதரு போன் பண்ணாரு! எனக்கு! பொன்னுருவி பாட்டு வந்துச்சான்னு கேக்கறாரு சார். நான் என்ன சொல்லட்டும்?"

அப்பாவுக்குப் போன் போட்டேன். ஊரில் பாரதக் கூத்து எப்போது, கர்ண மோட்சம் என்றைக்கு என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"யாருடா பேசறது?" என்றார்.